கையை விடாத யூகேஜி

எங்கள் நாச்சிக்குட்டையில் யாரும் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை. எங்களுக்குக் கல்மனசு என்று நினைத்துவிட வேண்டாம், நேரமில்லை, அவ்வளவுதான். பகல் ஷிப்டு முடித்தவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ராத்திரி ஷிப்டுக்காரி கொண்டையை முடிந்துகொண்டு எதிரே இறங்குகிற ஊர் இது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதான் வெளிச்சத்தில் பார்க்கிற ஊர். கரண்ட் போய்த் தறிச் சத்தம் நின்றால்தான் தொட்டில் பிள்ளைகள் பயந்து விழித்துக்கொண்டு அழுகிற ஊர். குட்டையில் தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்த வருஷம்கூட, இந்த வாரம் எந்தச் சாயம் ஓடுகிறது என்று கேட்டுவிட்டு நாங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அதனால் பூந்தளிர் நர்சரியின் யூகேஜி பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்த பிடியை விடாமல் ஏழு மாசம் கிடந்ததைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கிறது.

அந்த வகுப்பு அம்சவேணி மிஸ்ஸுடையது. இருபது வருஷத்துக்கு மேலாக அதே அறையில், அதே யானைப் படத்துக்குக் கீழே, முட்டிவலியோடு குட்டி முக்காலியில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளை ஆளாக்கியவர். யூகேஜியில் என்ன பெரிய படிப்பு என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் அந்த அறையில் இருந்து பார்க்க வேண்டும். அ எழுதுவதும் நூறு வரை எண்ணுவதும் கடைசியில் வருகிற சமாச்சாரம். அதற்கு முன்னால் பித்தான் போட வேண்டும், மூக்கைச் சிந்த வேண்டும், டிபன் போசியின் மூடியை அழாமல் திறக்க வேண்டும், ஒன்றுக்கு வருவதை வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், அடுத்த பிள்ளைக்கு அழிரப்பரைக் கொடுத்துவிட்டு அது திரும்பி வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் முந்தின முதல் பாடம் டாட்டா. ஜூன் மாதம் கேட்டருகே நின்று, அம்மாவின் சேலையைப் பற்றி இழுத்து ஊரைக் கூட்டுகிற ஒவ்வொரு பிள்ளையின் கையையும் மிஸ் தானே எடுத்து ஆட்டிக் காட்டுவார். “அம்மா போயிட்டு வருவாங்க. போறவங்க வரோணும்னா நாம டாட்டா காட்டோணும்.” கடைசிப் பிள்ளையும் அழாமல் கையாட்டிய அன்றைக்குத்தான் அவர் கணக்கில் வருஷம் தொடங்கும். அதுவரை பிள்ளைகளை ரோட்டுப் பக்கம் கூட்டிப் போகமாட்டார். அது அவர் வைத்திருந்த வழக்கம்.

அந்த வருஷம் கையாட்டாமல் மிஞ்சியவள் தன்ஷிகா. அவள் அப்பன் லாரிக்குக் கிளீனராகப் போகிறவன். ஒரு விடிகாலை, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, எழுப்பினால் அழுவாள் என்று சொல்லாமல் கிளம்பினான்; போனவன் போனவன்தான். அம்மா வளர்மதி ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டுகிறவள். காலையில் தலைமுடியெல்லாம் பஞ்சோடு, கண்ணெல்லாம் தூக்கத்தோடு மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இருமி இருமி, “டாட்டா சொல்லு சாமி” என்பாள். தன்ஷிகா அழமாட்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு, அம்மா முக்குத் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஆடி பிறந்தும் அவள் கை வெளியே வரவில்லை.

தாளாளருக்கு அவசரம். தபாலாபீசில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற போட்டோ அவருக்கு வேண்டும், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரன் தீயணைப்பு வண்டிமேலேயே பிள்ளைகளை ஏற்றிப் போட்டோ எடுத்து வாசலில் மாட்டிவிட்டான். மிஸ் இன்னும் ஒரு வாரம் கேட்டார், கிடைக்கவில்லை. பதினாறு பிள்ளைகளையும் ரயில் வண்டியாக்கினார்: முன்னால் நிற்கிறவரின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், என்ஜின் சர்வேஷ், கடைசிப் பெட்டி நிரஞ்சன். தபாலாபீசில் எல்லாம் நன்றாகவே நடந்தது, எச்சில் தொட்டு ஸ்டாம்ப் ஒட்டினார்கள், போஸ்ட் மாஸ்டர் மிட்டாய் கொடுத்தார். திரும்பும்போது நடு ரோட்டில் தறிக்குப் பாவு நூல் ஏற்றிய ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் கீச்சிட்டுக்கொண்டு வந்து, நடுப்பெட்டிகளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மிஸ் அலறினார். இருபது வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. “ரோடு தாண்டற வரைக்கும் யாரும் கையை உடக்கூடாது!”

ரோட்டைத் தாண்டினார்கள், வகுப்புக்கு வந்தார்கள், மிஸ் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு, “ரோடு தாண்டியாச்சு கண்ணுகளா. கையை உடுங்க” என்றார். யாரும் விடவில்லை. வரிசையின் நடுவிலிருந்து தன்ஷிகா, யோசித்துச் சொல்கிறவள் மாதிரி, “இன்னும் தாண்டலீங் மிஸ்” என்றாள். மற்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சாயங்காலம் மொபெட்டும் சைக்கிளுமாக வந்து நின்ற எங்களுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. “ஏனுங் மிஸ், சீக்கிரமா அனுப்புங், ஷிப்டுக்கு நேரமாச்சு” என்று முனகினோம். ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் விரலைப் பிரித்துப் பார்த்தோம். விளக்கெண்ணெய் போட்டோம், சோப்பு போட்டோம், கிச்சுக்கிச்சு மூட்டினோம். பதினாறு பேரும் சிரித்தார்கள், ஒரு கைகூடக் கழலவில்லை. தையல்காரர் வந்து ஒரு சட்டையை வெட்டிப் பார்த்தார். வெட்டின துணி கீழே விழுவதற்குள் பின்னால் நின்றவனின் கை முன்னால் நின்றவனின் அரைஞாண் கயிற்றுக்குப் போய்விட்டது. டாக்டர் எலும்பில் குற்றமில்லை, நரம்பில் குற்றமில்லை என்றார். பூசாரி விபூதி போட்டார், பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் தெளித்தார்கள், கிறிஸ்தவ டீச்சரம்மா மண்டிபோட்டு ஜெபித்தார். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னார்கள். மணி ஆகிக்கொண்டே இருந்தது. தறி யாருக்காகவும் காத்திருக்காது. கடைசியில் யாரோ ஒருவர், நாங்கள் எல்லாரும் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததை வாய்விட்டுச் சொன்னார்: “செரி, நாளைக்குப் பாத்துக்கலாம்.”

எங்கள் ஊரை நடத்துகிற மந்திரமே அதுதான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்ததெல்லாம் மூன்றாம் நாள் பழக்கமாகிவிடும், மாசம் திரும்பினால் வழக்கமாகிவிடும்.

முறை வைத்தோம். குடிதண்ணீருக்கு வீதிக்கு வீதி முறை வைப்பதுபோல, ரயிலுக்கு வீட்டுக்கு வீடு முறை. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டுக்காரர் வந்து என்ஜினின் தோளில் கை வைத்துக் கூட்டிப் போவார், காலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். முறைக்காரர் வீட்டில் அன்றைக்குக் கல்யாணக் களேபரம். குளியல் மோட்டார் தண்ணீரில், ஹோஸ் பைப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டே போனால் ஆயிற்று. சோறு அகலச் சட்டியில் மொத்தமாகப் பிசைந்தது. இரண்டு கையும் பிடித்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒருத்தி உருண்டை உருட்டி வாய் வாயாகப் போட்டுக்கொண்டே போவாள், கடைசிப் பெட்டிக்கு ஊட்டி முடிக்கும்போது என்ஜினுக்கு மறுபடியும் பசித்திருக்கும். ஒருவனுக்கு ஒன்றுக்கு வந்தால் ஊரே போக வேண்டும். ஒருத்தி தலையில் பேன் என்றால் பதினாறு தலையிலும் பேன். நிரஞ்சனுக்கு அம்மை போட்டபோது வரிசை முழுக்க வேப்பிலை மேல் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. முன்னால் இருப்பவனுக்கு முதுகு அரித்தால் பின்னால் இருப்பவன் நெற்றியால் தேய்த்துவிடுவான். கேட்கவே வேண்டியதில்லை, எந்த முதுகு எப்போது அரிக்கும் என்று பின்னால் இருந்த நெற்றிக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சிக்கல் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். என்ஜின் சர்வேஷ் மேற்கு வீதித் தறிமுதலாளி நாச்சிமுத்துவின் மகன். அவன் சட்டையைப் பிடித்திருந்த அபினேஷ், காலனியிலிருந்து வருகிறவன். மேற்கு வீதி வீடுகளுக்குள் காலனிக்காரர்கள் போவதில்லை, எந்தக் காலத்திலும் யாரும் எழுதி ஒட்டியதில்லை, ஆனாலும் போவதில்லை. நாச்சிமுத்துவின் முறை வந்த சாயங்காலம் சர்வேஷ் வாசற்படி ஏறி உள்ளே ஒரு கால் வைத்தான், பின்னால் அபினேஷ் வாசற்படியிலேயே நின்றான், அவனுக்குப் பின்னால் பதினாலு பேரும் வீதியில் நின்றார்கள். சர்வேஷின் அம்மா புருஷனைப் பார்த்தாள். புருஷன் வானத்தைப் பார்த்தார். முதல்நாள்தான் அவர் தறிக்குடோனில் ஆள் வராமல் ராத்திரி முழுக்கத் தானே நின்று ஓட்டியிருந்தார். “உள்ள வாங்க சாமிகளா, கொசு கடிக்குது” என்றார், அவ்வளவுதான். அடுத்த வாரம் அபினேஷின் வீட்டு முறை வந்தபோது சர்வேஷ் அந்த வீட்டுச் சட்டிக் கறியை மூன்று உருண்டை கேட்டு வாங்கித் தின்றான். எங்கள் ஊர் திருந்திவிட்டது என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். ஞாயம் பேசுவதற்குத் தெம்பு வேண்டும், அநியாயம் பேசுவதற்கும் தெம்பு வேண்டும். அந்த வருஷம் எங்களுக்கு இரண்டுக்கும் தெம்பில்லை.

படிப்பும் நிற்கவில்லை. என்ஜினைத் தவிர யாருக்கும் எழுதக் கை இல்லாததால் அம்சவேணி மிஸ் விரலால் ஒவ்வொரு முதுகிலும் எழுதினார். அ ஒரு முதுகில், ஆ ஒரு முதுகில், பிறகு முதல் முதுகிலிருந்து மறுபடியும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, “சுழி… கீழ எறங்குது… பக்கத்துல ஒரு கோடு…” என்று முனகிக்கொண்டே படித்தார்கள். ஒருவன் அழுதால் ரயில் முழுக்கத் தெரியும், யாருக்குப் பசி, யாருக்குப் பயம், யார் பொய் சொல்கிறான் என்று சட்டை வழியாகவே தெரியும். அடித்துக்கொள்வதற்குக் கை இல்லாததால் சண்டை இல்லை. தாளாளர் போட்டோ எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த வருஷப் பிள்ளைகள் மாதிரி அடக்கமான பிள்ளைகள் வந்ததே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மிஸ் மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. முறை வருகிற ஒரு ராத்திரி நரகம், மற்ற ராத்திரியெல்லாம் வீட்டில் பிள்ளை இல்லை. ஷிப்டு முடிந்து வந்து படுத்தால் காலில் மிதிக்கிறவர்கள் இல்லை, தண்ணி கேட்கிறவர்கள் இல்லை, கதை கேட்கிறவர்கள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வராத தூக்கமெல்லாம் வந்து சேர்ந்தது. பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது என்கிற பேச்சு டீக்கடையில் முதலில் தினமும் இருந்தது, பிறகு செவ்வாய்க்கிழமைச் சந்தை அன்றைக்கு மட்டும் இருந்தது, தீபாவளிக்குப் பிறகு இல்லவே இல்லை.

வளர்மதிக்கு மட்டும் அது பிடிக்காமல் போனது. அவள் நெஞ்சில் பஞ்சு ஏறியிருந்தது. தறியில் நிற்கிற எல்லாருக்கும் கொஞ்சம் ஏறும், அவளுக்கு அதிகமாக ஏறிவிட்டது. மார்கழிப் பனியில், வகுப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வருவது இருமலிலேயே தெரியும். தன்ஷிகாவுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் மருந்து எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: இன்னொரு வருஷம் தறிக்குடோனில் நின்றால் இந்த நெஞ்சு தாங்காது, பஞ்சு இல்லாத காற்றுக்குப் போய்விடு. அவள் அண்ணன் வால்பாறையில் எஸ்டேட் பள்ளிக்கூட விடுதியில் இருந்தான். அங்கே சமையலுக்கு ஆள் வேண்டும், தங்க ஒரு ரூமும் உண்டு, மகளையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு வருகிறேன் என்றாள். பொங்கல் போனது, மகளின் கை கழலவில்லை, தைப்பூசத்துக்கு என்றாள். அதுவும் போனது. மாசி பிறந்ததும் அண்ணன் சொல்லியனுப்பினான்: வருகிற திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆள்.

ஒரே ஒரு தடவை அவள் இழுத்துப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில், எல்லாரும் பார்க்க, மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, காலை ஊன்றி இழுத்தாள். தன்ஷிகாவின் விரல் மூட்டெல்லாம் வெளுத்தது, முன்னால் இருந்த மோகித்தின் சட்டை கழுத்தை இறுக்கியது, பின்னால் இருந்த ரிஸ்வானா தடுமாறி விழப்போனாள், அப்புறம் பதினாறு பிள்ளைகளும் ஒரே வாயாக அழுதார்கள். அந்த அழுகையைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வளர்மதி கையை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து மகளின் விரல்களை ஊதினாள்.

அன்றைக்கு நாச்சிமுத்து வந்தார். தறிமுதலாளியாக இருந்தாலும் கெட்ட மனுஷர் இல்லை. “அம்மணி, அவசரப்படாத. பள்ளிக்கூடம் முடியட்டும். வெயில் காலத்துல எல்லாருமாச் சேந்து ஒரு வழி பாக்கலாம்” என்றார்.

“வெயில் காலம் வரைக்கும் நான் இருக்கோணுமில்லீங்” என்றாள் வளர்மதி.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடத் தூக்கம் பெரிதாக இருந்தது. ரயில் பிரிந்தால் நம் பிள்ளை நம் வீட்டுக்கு வந்துவிடும் என்கிற பயமும் எங்கள் தூக்கத்துக்குள்ளே சுருண்டு படுத்திருந்தது. “நீ போயிட்டு வா கண்ணு, புள்ளைய நாங்க பாத்துக்கறம்” என்று பெண்கள் சொன்னார்கள். பொய்யில்லை, நிஜமாகவே பார்த்துக்கொண்டிருப்போம். பதினாறு பேருக்கு உருட்டுகிற சோற்றில் அவளுக்கும் ஓர் உருண்டை.

ஞாயிற்றுக்கிழமை வளர்மதி ஒரு பையும் ஒரு பிளாஸ்டிக் குடமுமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். நாங்கள் ரயிலையும் கூட்டிக்கொண்டு வழியனுப்பப் போனோம். பிள்ளைகள் எவர்சில்வர்க் கடை வாசல் நிழலில் வரிசையாக நின்றார்கள். வால்பாறை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பெண்கள் வளர்மதியைச் சூழ்ந்துகொண்டு, எல்லா ஊரிலும் எல்லாப் பெண்களும் சொல்கிற புத்தியைச் சொன்னார்கள்: புள்ள அந்தப் பக்கம் பாக்கறப்ப, கண்ணுல படாம ஏறிப் போயிரு, ரெண்டு நாள் அழுவா, அப்புறம் மறந்துருவா. வளர்மதியும் தலையை ஆட்டிவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, பஸ்ஸின் பின்வாசலைப் பார்த்து நடந்தாள். ஒருவன் பிள்ளைகளுக்குப் பலூன் காட்டினான்.

அம்சவேணி மிஸ் முட்டிவலியோடு ஓடி அவள் கையைப் பிடித்ததை நாங்கள் பார்த்தோம்.

“சொல்லாம போவாத வளர்மதி.”

“அழுவாளுங் மிஸ். எனக்குத் தாங்காதுங்.”

“அழுவட்டும். சொல்லாம போனவங்களத்தான் புள்ளைங்க காலத்துக்கும் புடிச்சுட்டே இருக்கும். அவ கையாட்டறதுக்கு நான் இன்னொரு வாரம் காத்திருந்திருக்கோணும். என்னால முடியல. நீயாச்சும் சொல்லிட்டுப் போ.”

வளர்மதி திரும்பி வந்தாள். வரிசைக்குப் பக்கத்தில், மகளுக்கு முன்னால், குந்தி உட்கார்ந்தாள். இருமல் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு, எதையும் மறைக்காமல், பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல, அம்மாவுக்கு நெஞ்சு சரியில்லை, பஞ்சு இல்லாத ஊருக்குப் போகிறேன், அங்கே சோறாக்குகிற வேலை, நீ இவர்களோடு இரு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பேன் என்று சொன்னாள். “போயிட்டு வர்றேன் சாமி” என்றாள். தன்ஷிகா அவள் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. கைகள் மோகித்தின் சட்டையிலேயே இருந்தன.

பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் வளர்மதி முகம் தெரிந்தது, அவள் கை வெளியே வந்து ஆடியது. எவர்சில்வர்க் கடை வாசலில் நடுப்பெட்டியின் வலது கை மெல்லத் திறந்தது. ஏழு மாசமாக மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, உள்ளங்கையில் சட்டை நூல் அச்சாகப் பதிந்திருந்தது. அந்தக் கை தலைக்கு மேல் உயர்ந்தது. “டாட்டா” என்றாள் தன்ஷிகா. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்களுக்கும் தெரியும் என்பதால், அடுத்த நொடி அந்த வரிசையில் எல்லாக் கையும் மேலே இருந்தது.

பிறகு நடந்ததைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லாரும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தோம். ரயில் என்று ஒன்று அங்கே இல்லை. பதினாறு பிள்ளைகள் பதினாறு பக்கம் போனார்கள். ஒருவன் பலூன்காரனிடம், ஒருத்தி குழாயடிக்கு, சர்வேஷும் அபினேஷும் ஏழு மாச பாக்கியைத் தீர்ப்பதுபோல மண்ணில் உருண்டு அடித்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் நிறுத்தச் சொல்லிக் கேட்டது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் வண்டி நின்றது. குடத்தைக்கூட எடுக்காமல் இறங்கிய வளர்மதி, மூச்சு வாங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, புழுதிக்குள் நடந்து வந்தாள்.

தன்ஷிகா இன்னும் அதே இடத்தில் கையாட்டிக்கொண்டு நின்றாள். “போயிட்டு வந்துட்டியா?” என்றாள்.

“வந்துட்டேன் சாமி” என்றாள் வளர்மதி. மகளைத் தூக்கத் தெம்பில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இந்தத் தடவை பஸ் ஜன்னலில் இரண்டு கை ஆடியது. மிஸ் கையாட்டினார். நாங்களும் ஆட்டினோம், எங்கள் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டே.

அன்றைக்கு வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை வந்து சேர்ந்தது. காலில் மிதித்தது, தண்ணி கேட்டது, கதை கேட்டது. எங்கள் தூக்கம் மறுபடியும் போனது. சிலர் வளர்மதியைத் திட்டிக்கொண்டே பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போய், தானே எடுத்துச் சாப்பிடத் தெரிகிற கையைப் பார்த்துவிட்டு, சட்டியை நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் பிள்ளை முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தோம். ஒரு பல் விழுந்திருந்தது, எப்போது என்று தெரியவில்லை.

மறுநாள் அதே பஸ் திரும்பி வந்தபோது கண்டக்டர் டீக்கடையில் நின்று சொன்னார். பொள்ளாச்சி தாண்டுவதற்குள் அந்தம்மா தூங்கிவிட்டதாம். வருஷக்கணக்கில் தூங்காதவர்கள் தூங்குகிற தூக்கம். மலை ஏறி, வளைவு வளைவாகத் திரும்பி, பஸ் முழுக்க ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தும் அது விழிக்கவில்லை. ஆனால் கை மட்டும் பிள்ளையின் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்திருந்ததாம். இறங்குகிற இடம் வந்தது. எழுப்பினார், எழுந்தாள், கண்ணைத் திறந்தாள், ஆனால் கை கழலவில்லை. கண்டக்டர் விரலைப் பிரித்துப் பார்த்தார், முடியவில்லை.

“அந்தப் புள்ள என்னையக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிருச்சுங்க” என்றார் கண்டக்டர். “அது முன்னால நடந்து, அவங்கம்மாளச் சட்டையப் புடிச்ச மேனிக்கே படி எறக்கி, ரெண்டு பக்கமும் பாத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போச்சு. அப்புறம் திரும்பி நின்னு, அம்மா கை மேல தன் கையை வெச்சு, ‘ரோடு தாண்டியாச்சும்மா’ன்னுதுங்க.”

அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு பஸ்ஸை நோக்கிப் போனார். நாங்கள் ஷிப்டுக்குப் போனோம்.